ஊசிக்கு முந்திய சித்திரம்: இயந்திரப் பூத்தையல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இயந்திரப் பூத்தையலிலே ஈடுபட்டோர் இன்று துணியில் ஊசி இறங்குவதற்கு முன்னரே, தைக்கவேண்டிய பூ முழுவதையும் கணினித் திரையில் தைத்துப் பார்த்துவிடுகின்றனர். வெறுந்திரையில் முதலாவது தையல் விழுகின்றது. அதனை அடுத்து இரண்டாவது. சிறிது நேரத்தில் இதழொன்று நிரம்புகின்றது. நிறம் மாறவேண்டிய இடத்தில் நிறம் மாறுகின்றது. நூல் தாவவேண்டிய இடத்தில் தாவுகின்றது. பார்ப்பவர் விரும்பினால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இடையிலே நிறுத்தலாம், பின்னோக்கிச் செலுத்தித் தைத்ததைப் பிரித்தும் பார்க்கலாம். துணி இல்லை, நூல் இல்லை, ஊசியும் இல்லை. நாடகம் மேடையேறுமுன் நடிகர் நடித்துப் பார்ப்பதை ஒத்த இச்செயலை நாம் தையல் ஒத்திகை என்று குறிப்பிடுவோம்.

இவ்வொத்திகை கணினி தந்த கொடை என்றே பலரும் எண்ணுகின்றனர். கருவியை மட்டும் நோக்கினால் அவ்வெண்ணம் சரியே. ஆனால், ஒரு கருவி தோன்றுவதற்கு முன் அக்கருவிக்கான தேவை தோன்றியிருத்தல் வேண்டும். தைப்பதற்கு முன் தையலைக் காணவேண்டும் என்ற தேவைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதாகின்றது. அது அழகுணர்ச்சியிலிருந்து பிறந்ததன்று. ஒரு மனிதனின் ஒரு கையசைவு நூற்றுக்கணக்கான ஊசிகளிலே பெருகத் தொடங்கியபோது, அவனது தவறும் அதே அளவிற் பெருகத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த தேவை இது. அத்தேவை வளர்ந்த வழியையும், அதனை நிறைவேற்றிய உழைப்பு எவருடையது, தவறுக்கு விலை கொடுத்தோர் எவர் என்பனவற்றையும் இங்கே ஆராய விரும்புகின்றோம்.

கையாற் பூத்தைக்கும் ஒருத்திக்கும் முன்மாதிரி உண்டு. துளையிட்ட தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூளோ சுண்ணத்தூளோ தேய்த்துப் புள்ளிகளை இறக்கிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் நிலவியது. எமது நாட்டின் தென்கரையிலே பீரளு ரேந்தை பின்னும் பெண்கள், திண்டின்மேற் சுற்றிய தாளில் ஊசித்துளைகளாய் அமைந்த மாதிரியைப் பின்பற்றிக் குண்டூசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகின்றனர். (ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து எமக்கு வந்ததாகும்.) ஆயினும் இத்துளைத்தாள் ஒரு வழிகாட்டியேயன்றிக் கட்டளையன்று. கையாற் பூத்தைப்பவள் ஒவ்வொரு தையலையும் தன் கண்ணாற் காண்கின்றாள். துணி சுருங்கினால் அவளது விரல் தளர்கின்றது; ஓர் இதழ் கோணினால் அடுத்த இதழில் அதனை ஈடுசெய்கின்றாள்; பிழைத்தால் பிரிக்கின்றாள். திட்டமிடுதலும் செய்தலும் ஒரே ஆளிடத்து, ஒரே கணத்தில் நிகழ்கின்றன. பிழை நேர்ந்தாலும் அது ஒரு பூவளவே.

இவ்வொருமையைப் பெரிய அளவிற் பிளந்தவர் அல்சாஸ் பிரதேசத்து மூலூஸ் நகரைச் சேர்ந்த யோசுவா ஹைல்மான். 1828 ஆம் ஆண்டில் அவர் அமைத்த பூத்தையல் இயந்திரத்திலே துணி, செங்குத்தான சட்டமொன்றில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஊசிகளுக்கு இரு முனைகளும் கூர்; நூல் கோக்கும் காது நடுவிலே. துணிக்கு இருபுறமும் தண்டவாளத்தில் ஓடும் இரு வண்டிகள் இருந்தன. ஒருபுறத்து வண்டியின் இடுக்கிகள் ஊசிகளைத் துணியினூடாகச் செலுத்த, மறுபுறத்து இடுக்கிகள் அவற்றைப் பற்றி நூலை இழுத்து மீண்டும் திருப்பி அனுப்பின. கை செய்ததையே இரும்பு செய்தது எனலாம். ஆனால் ஊசி எங்கே குத்தவேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஊசியன்று. துணி கட்டிய சட்டமே மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்ந்தது. அச்சட்டத்தை நகர்த்தியது பாந்தோகிராஃப் என்னும், இணைகரமாகச் சட்டங்கள் பொருத்திய கருவி. அதன் ஒரு முனையைத் தொழிலாளி ஒரு சித்திரத்தின்மேல் நகர்த்துவான். அவன் நகர்த்தும் தூரத்தின் ஆறிலொரு பங்கு துணி நகரும்.

ஆகவே அச்சித்திரம் துணியில் வரவேண்டிய அளவிலும் ஆறு மடங்கு பெரிதாக இருக்கவேண்டியதாயிற்று. இச்சித்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஏனெனில் இன்றைய தையல் ஒத்திகையின் நேர் மூதாதை இதுவே என்பது எமது கருத்து. ஓவியன் வரைந்து கொடுத்த பூவைப் பெருப்பித்து வரையும் தனித் தொழில் ஒன்று தோன்றியது. பெருப்பித்து வரைபவன் ஓவியனின் கோடுகளை அப்படியே பெரிதாக்கவில்லை. பூவைத் தையல்களாக உடைத்தான். இங்கே ஒரு தையல், அதனருகே மற்றொன்று, இவ்விடத்தில் நூல் அடியாற் செல்லவேண்டும், இவ்விடத்தில் நெருக்கம், இவ்விடத்தில் ஐது என்று ஒவ்வொன்றையும் கோடாக வரைந்தான். நூலின் பருமனையும் துணியின் இயல்பையும் அறியாதவனால் இதனைச் செய்யமுடியாது. தைக்கப்படவேண்டிய பூ, ஊசி துணியைத் தொடுமுன்னரே, தையல் தையலாக எண்ணப்பட்டுத் தாளில் இருந்தது. அதுவரை தைப்பவளின் விரலில் இருந்த அறிவின் ஒரு பகுதி முதன்முதலாகத் தாளுக்கு இடம்பெயர்ந்தது.

முழுவதும் இடம்பெயரவில்லை என்பதையும் மனங்கொள்ளவேண்டும். இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவன் இடக்கையாற் பாந்தோகிராஃபின் முனையைச் சித்திரத்தின் கோடு கோடாக நகர்த்தினான். வலக்கையாற் சுழற்றியைத் திருப்பி வண்டிகளை ஓட்டினான். கால்களால் மிதித்து இடுக்கிகளைத் திறந்து மூடினான். நூல் எவ்வளவு இறுகவேண்டும் என்பதை அவனது உடல் அறிந்திருந்தது. தாளிற் காணாத அவ்வறிவு இல்லையேல் தாளிலுள்ள பூ துணியிற் பூவாக வராது.

ஹைல்மானின் இயந்திரம் பிறந்த ஊரிற் பெருகவில்லை. கிழக்குச் சுவிற்சர்லாந்தின் சென் காலன் நகரத்து வணிகரே அதனை வாங்கினர். அங்கே ரிற்மையர் என்ற உற்பத்தியாளரின் ஆலையில் அது திருத்தம் பெற்று, 1850 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலாபந் தரும் கருவியாயிற்று. அதன்பின் அது பரவிய வேகம் பெரிது. சென் காலன், அப்பன்செல், துர்காவ் ஆகிய மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் ஒஸ்திரியாவின் ஃபோரால்பேர்க்கிலும், ஜேர்மனியில் சாக்சனியின் பிளாவன் நகரைச் சூழ்ந்த பிரதேசத்திலும் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இயங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுவிற்சர்லாந்தின் ஏற்றுமதிப் பண்டங்களுள் முதலிடம் வகித்தது பூத்தையலே. கடிகாரத்தையும் பாற்கட்டியையும் அந்நாட்டின் அடையாளமாக எண்ணிப் பழகிய எமக்கு இது வியப்பாயிருக்கலாம்.

வழக்கமான கையியந்திரம் ஒன்றில் 312 ஊசிகள் இருந்தன. தொழிலாளியின் கை ஒருமுறை அசைந்தால் 312 பூக்களில் ஒவ்வொரு தையல் விழும். அவன் கை ஒருமுறை தவறினால் 312 பூக்களும் கெடும். கைத்தொழிலில் ஒரு பூவளவாய் இருந்த பிழை, இயந்திரத் தொழிலில் ஒரு துணியளவாயிற்று. இப்பிழையைச் சுற்றி ஒரு சமூக ஒழுங்கு முழுவதுமே எழுந்தது. அதனை நாம் சற்று அணுகிப் பார்க்கவேண்டும்.

ஊசிகளிற் கோக்கப்பட்ட நூல் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமே. அது தீர்ந்ததும் 312 ஊசிகளையும் கழற்றி வேறு ஊசிகளை மாட்டவேண்டும். ஆகவே ஓர் இயந்திரம் ஓடவேண்டுமாயின் அதனருகே இடைவிடாது ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருக்க ஒருவர் தேவை. கூர்ந்த கண்ணும் மெல்லிய விரலும் மலிந்த கூலியும் வேண்டிய இவ்வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. தைத்து முடிந்த துணியிலே விடுபட்ட தையல்களைத் தேடி இட்டு நிரப்பியோரும் பெண்களே. 1877 இல் சுவிற்சர்லாந்தின் தொழிற்சாலைச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதைத் தடைசெய்து, நாளொன்றின் வேலைநேரத்தை 11 மணியாக வரையறுத்தது. அக்காலத்து ஐரோப்பாவிலே முன்னேற்றமான சட்டம்தான். ஆனால் அது தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிட்டது, வீட்டினுள் நுழையவில்லை. விளைவு யாது? இயந்திரங்கள் ஆலைகளை விட்டு வீடுகளுக்குட் சென்றன. குடியானவன் கடன்பட்டு ஓர் இயந்திரத்தை வாங்கி வீட்டின் நிலவறையிலோ பக்கத்தறையிலோ நிறுத்தினான். தந்தை சித்திரத்தின்மேற் கை நகர்த்த, தாயும் பிள்ளைகளும் நூல் கோத்தனர். பள்ளிக்கூடம் செல்லுமுன் கோத்தனர். பள்ளிக்கூடத்திலிருந்து மீண்டபின் கோத்தனர். வகுப்பறையில் உறங்கும் பிள்ளையைக் கண்டு எரிச்சலுறும் ஆசிரியர்கள், அப்பிள்ளையின் இரவு எங்கே கழிந்தது என்று கேட்கப் பழகவேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று தேவையில்லை.

வீட்டிலிருந்து தைத்தவனுக்குத் துணியையும் சித்திரத்தையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் வணிகரின் இடைத்தரகர்கள். கூலி நூறு தையலுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. தையல்களின் எண்ணிக்கை சித்திரத்திலேயே இருந்தமையால் வேலை தொடங்குமுன்னரே கூலியைக் கணக்கிட்டுவிட முடிந்தது. தாளில் வரைந்த முன்னோட்டம், கூலிப் பட்டியலாகவும் பணிபுரிந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முடித்த துணியைத் தைத்தவன் கொண்டுசென்று கொடுத்தபோது, அது சித்திரத்தோடும் மாதிரியோடும் ஒப்பிடப்பட்டது. வேறுபாடு காணப்பட்டால் கூலி வெட்டப்பட்டது. சித்திரம் தவறானதா, துணி தவறானதா, கை தவறானதா என்று தீர்ப்பளித்தவன் கூலி கொடுப்பவனே. இக்கூலிவெட்டு அக்காலத் தையற்காரரின் நீங்காத மனக்குறையாய் இருந்தது. 1885 இல் கிழக்குச் சுவிற்சர்லாந்தையும் ஃபோரால்பேர்க்கையும் சேர்ந்த தொழில்துறையினர் ஒரு மத்திய சங்கத்தை நிறுவி, வீடுகளுக்கும் பொருந்துமாறு 11 மணி வேலைநாளையும் குறைந்தபட்சக் கூலியையும் கொண்டுவர முயன்றனர். சட்டம் நுழையாத வீட்டினுட் சங்கம் நுழைந்தது எனலாம். அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

இயந்திரத்தின் அடுத்த படிகளை விரைந்து கடப்போம். ஓபர்உட்ஸ்வில் என்னும் ஊரைச் சேர்ந்த ஈசாக் குரோப்லி, 1863 இல், தையல் இயந்திரத்தின் வழியைப் பின்பற்றி, நுனியிற் காதுடைய ஊசியையும் படகு வடிவான சிறு நாடாவையும் இணைத்து ஒரு புதிய பூத்தையல் இயந்திரத்தை அமைத்தார். சிறு படகு என்று பொருள்படும் ‘ஷிஃப்லி’ என்ற சொல்லே அதற்குப் பெயராயிற்று. நூல் இப்போது கட்டையிலிருந்து இடையறாது வந்தது. ஒரு மீற்றருக்கொருமுறை ஊசிகளைக் கழற்றவேண்டியிருக்கவில்லை. ஊசிக்கு நூல் கோத்த பிள்ளையின் வேலையை இயந்திரம் பறித்துக்கொண்டது. இவ்வாறு பறித்ததை எண்ணி வருந்துவார் எவருமிலர். இயந்திரத்தை வெறுப்பது எமது நோக்கமன்று என்பதை இவ்விடத்திலேயே கூறிவைக்கலாம்.

பாந்தோகிராஃபை நகர்த்திய கையையும் இயந்திரம் நெடுநாள் விட்டுவைக்கவில்லை. குரோப்லியின் மகன் யோசெப் ஆர்னோல்ட் குரோப்லி, 1898 இல், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தானியங்கியை உருவாக்கினார். பிரான்சின் லியோன் நகரத்து யக்கார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பட்டுத்தறிக்குப் பயன்படுத்திய அதே துளையட்டைத் தத்துவம்தான். ஆறு மடங்குச் சித்திரத்தின்மேற் கை நகர்த்தும் தொழில் ஒழிந்துவிடவில்லை. அது இடம் மாறியது. அட்டையிலே துளையிடுபவன் ஒருமுறை நகர்த்தினான். அதன்பின் அவ்வட்டை எத்தனை இயந்திரங்களிலும் எத்தனை ஆண்டுகளும் அவனது கையசைவைத் திரும்பத் திரும்ப நடித்தது. துளையிடுவோரின் திறமைக்கு மதிப்பும் கூலியும் கூடின. இயந்திரத்தருகே நின்றவனுக்கோ அறுந்த நூலை முடிவதும் பார்த்துக்கொண்டிருப்பதுமே எஞ்சின. துளையிடுதலைக் குறிக்கும் ‘பஞ்ச்’ என்ற சொல், அட்டை மறைந்த பின்னரும் இத்தொழிலில் நிலைத்துவிட்டது. கணினியிற் பூத்தையல் அமைப்போர் இன்றும் தமது வேலையைப் ‘பஞ்சிங்’ என்றே கூறுகின்றனர். துளையைக் கண்டோர் அவர்களுட் சிலரே.

முதலாம் உலகப் போரோடு சென் காலனின் செழிப்பு முடிந்தது. போருக்குப் பின் பெண்களின் உடை எளிமையாயிற்று; ரேந்தையும் பூவேலையும் தேவையற்றனவாயின. 1920 களிலே, கடன்பட்டு வாங்கிய இயந்திரங்களை அரச உதவிப்பணம் பெற்று உடைக்கும் நிலை ஏற்பட்டது. சித்திரங்களிலும் மாதிரிப் புத்தகங்களிலும் பெருந்தொகையானவை சென் காலன் துணி அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில் வேறு உருவம் பெற்றது. ஒன்பது மீற்றர் நீளமான ஷிஃப்லி இயந்திரம் ரேந்தைக்கும் நீண்ட துணிக்கும் உரியது. சட்டைப் பையிலும் தொப்பியிலும் ஒரு சின்னத்தைத் தைப்பதற்கு அது பொருந்தாது. யப்பானின் தஜிமா நிறுவனம் 1964 இற் கொண்டுவந்த பலதலை இயந்திரம் இவ்விடத்தை நிரப்பியது. பல தையற்றலைகள் வரிசையாக நின்று ஒரே கட்டளைக்கு ஒரே சின்னத்தைப் பல ஆடைகளிற் தைத்தன. கட்டளை துளையிட்ட காகித நாடாவில் இருந்தது.

இந்நிலையில் முன்னோட்டத்தின் பழைய சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. துளையிட்ட நாடாவைப் பார்த்து எவராலும் பூவைக் காணமுடியாது. ஆறு மடங்குச் சித்திரம் பூவாகவே தோன்றியது. துளைகளோ துளைகளாகவே தோன்றின. நாடா சரியானதா என்பதை அறிய ஒரே வழி, இயந்திரத்தை நிறுத்தி, மாதிரித் துணியைக் கட்டித் தைத்துப் பார்ப்பதாகும். 600 இற்கு மேற்பட்ட ஊசிகளையுடைய ஷிஃப்லி இயந்திரத்தை ஒரு மாதிரிக்காக நிறுத்துதல் முதலாளிக்கு எத்தகைய இழப்பு என்று விளக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் றான்டல் மெல்ற்றன், பில் சைல்ட்ஸ் ஆகிய இருவர் தொடங்கிய மெல்கோ நிறுவனம், பெரிய இயந்திரத்தை நிறுத்தாமலே மாதிரியைத் தைத்துப் பார்க்கத் தனித் தையற்றலையொன்றை உருவாக்கியது இதன் பொருட்டே. கணினியால் இயங்கிய அச்சிறு மாதிரித்தலையே பின்னர் வீடுகளுக்கென விற்கப்பட்ட கணினிப் பூத்தையல் இயந்திரங்களுக்கு வழிதிறந்தது. முன்னோட்டத்துக்காகப் பிறந்த கருவி ஒன்று உற்பத்திக் கருவியாக மாறிய சுவையான செய்தி இது.

1980 இல் அவுஸ்திரேலியாவின் வில்கொம் நிறுவனம் கணினித் திரையிற் பூத்தையலை அமைக்கும் முறையை அறிமுகஞ் செய்தது. ஆயினும் அக்காலத்துத் தொழிலாளர் பெருப்பித்த சித்திரத்தை மின்பலகையொன்றில் ஒட்டிவைத்து, அதன்மேற் கைக்கருவியை நகர்த்திப் புள்ளிகளைப் பதிந்தனர். மூலூஸ் நகரத்துக் கையசைவு நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் தொடர்ந்தது. புதியது யாதெனில், பதிந்த புள்ளிகளை உடனேயே தையல்களாகத் திரையிற் காணமுடிந்தமை. துணியும் நூலும் செலவாகாத மாதிரி கிடைத்தது.

இத்தையல் ஒத்திகை உண்மையில் எதனைக் காட்டுகின்றது? இதனை அறியத் தையற்கோப்பின் உள்ளே சற்று நோக்குதல் வேண்டும். தொழிற்சாலைகளிற் பரவலாக வழங்கும் தஜிமாவின் கோப்புமுறை, காகித நாடாவின் வழிவந்தது. ஒவ்வொரு தையலும் முன்னைய புள்ளியிலிருந்து எவ்வளவு பக்கவாட்டில், எவ்வளவு மேலோ கீழோ நகரவேண்டும் என்ற இரண்டு எண்களே. அளவின் அலகு மில்லிமீற்றரின் பத்திலொன்று. எண்கள் 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து படிகளைக் கூட்டியும் கழித்தும் எழுதப்படுகின்றன. தராசின் இரு தட்டிலும் படிக்கல் வைத்து நிறுக்கும் பழைய கணக்கை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை உடனே இனங்காண்பர். ஐந்தையும் கூட்டினால் 121. ஆகவே ஒரே நகர்வில் எத்திசையிலும் 12.1 மில்லிமீற்றருக்கு மேற் செல்லமுடியாது. இவற்றோடு தாவு, நிறம் மாற்ற நிறுத்து என்ற சில கட்டளைகள், அவ்வளவுதான்.

அக்கோப்பிலே நிறம் இல்லை. நிறம் மாற்றுக என்ற கட்டளை மட்டுமே உண்டு. நூலின் பருமன் இல்லை. துணி எதுவென்ற செய்தி இல்லை. திரையிலே நாம் காணும் பளபளப்பான இதழ், மென்பொருள் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பருமனைக் கற்பித்து, நடுவில் ஒளியும் ஓரத்தில் நிழலும் பூசிக் காட்டுவதாகும். ஒழுங்கைப் பொறுத்தவரை அது நம்பத்தக்கது. எது முன், எது பின், நூல் எங்கே வீணாகத் தாவுகின்றது, எந்த மூலையில் தையல் விடுபட்டுள்ளது, எத்தனை முறை நிறம் மாற்ற வேண்டும் என்பனவற்றை ஒத்திகை ஒளிவின்றிக் காட்டும். அதனை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு நூலும் நேரமும் மிஞ்சுகின்றன. இதன் பயனைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது.

ஆனால் துணி ஒரு தாளன்று. நூல் இறுகும்போது தையல் தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கின்றது. தையல்கள் அடுத்தடுத்து நெருங்கும்போது அவை துணியை மறு திசையில் வெளியே தள்ளுகின்றன. ஒரு வட்டத்தைக் கிடைக்கோடான தையல்களால் நிரப்பினால், துணியில் வருவது கிடையாகச் சுருங்கி மேல்கீழாக நீண்ட முட்டை. வட்டம் வேண்டுமாயின் கிடையாக நீண்ட முட்டையைத்தான் திரையில் அமைக்கவேண்டும். நிரப்பிய இதழுக்கும் அதன் ஓரக்கோட்டுக்கும் இடையே திரையில் இடைவெளி இல்லையெனில் துணியில் இடைவெளி தோன்றும். திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால்தான் துணியில் பொருந்தும். பின்னற்றுணியில் இவ்விழுவை ஒருவிதம், தடித்த பருத்தித் துணியில் வேறொரு விதம். துவாயின் நூற்சுருள்கள் மெல்லிய தையலை விழுங்கியே விடும். நெருக்கம் மிகுந்தால் துணி சுருங்கிக் கிழியவும் கூடும். சில மென்பொருள்கள் துணியின் வகையைக் கேட்டுத் தாமே ஒரு திருத்தத்தைச் செய்கின்றன என்பது உண்மையே. அதுவும் சராசரித் துணிக்கான திருத்தமே.

இதிலிருந்து விளங்குவது யாது? துணியிற் சரியாக வரக்கூடிய அமைப்பு திரையிற் பிழையாகத் தோன்றும். திரையில் அழகாகத் தோன்றுவது துணியிற் பிழைக்கும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு நல்ல தொழிலாளியின் வேலை கெட்ட வேலையாகப் படும். பூ எங்கே வளையும் என்பதை முன்னறிந்து அதற்கு எதிர்த்திசையில் அதனை வளைத்து வைத்தவரின் திறமை, ஒத்திகையிற் குறைபாடாகவே காட்சியளிக்கின்றது. சித்திரத்தோடு ஒப்பிட்டுக் கூலி வெட்டிய சென் காலன் இடைத்தரகனின் கண்ணுக்கும் துணியின் இயல்பு தெரியவில்லை, சித்திரமே தெரிந்தது.

இக்கேள்வி எமக்குத் தொலைவானதன்று. 1978 இற் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட பின்னர், ஆடை எமது நாட்டின் ஏற்றுமதிகளுள் முதன்மையான ஒன்றாயிற்று. அத்தொழிலில் உழைப்போருட் பெரும்பாலார் பெண்கள். கொள்வனவாளர் கடலுக்கப்பால் இருக்கின்றார். சின்னத்தின் படம் மின்னஞ்சலில் வருகின்றது. ஒத்திகைப் படம் மின்னஞ்சலிற் செல்கின்றது. துணியில் தைத்த மாதிரியையும் பார்த்த பின்னரே ஒப்புதல் அளிக்கும் நல்ல வழக்கம் இத்தொழிலில் உண்டு. நாள் நெருக்கும்போது அம்மாதிரி தவிர்க்கப்படுமாயின் ஒத்திகைப் படமே உடன்படிக்கையாகிவிடுகின்றது. படத்துக்கும் துணிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சுமப்பவர், ஊசியருகே நிற்பவரேயாவர். விலையும் பழைய முறையிலேயே கணக்கிடப்படுகின்றது: ஆயிரம் தையலுக்கு இவ்வளவு. மென்பொருள் தையல்களின் மொத்த எண்ணிக்கையைத் திரையிற் காட்டிவிடுகின்றமையால் கணக்கு இன்னும் எளிதாயிற்று. வட்டத்தை முட்டையாக்கி வைக்கும் அறிவுக்கு அக்கணக்கிலே தனியிடம் இல்லை.

இவ்வறிவைக் கூட்டாகச் சேமிக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. இன்க்ஸ்டிச் என்னும் பூத்தையல் மென்பொருள், உரிமம் வாங்கும் செலவின்றி எவரும் பயன்படுத்தக்கூடியது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். இன்க்ஸ்கேப் என்ற சித்திர மென்பொருளோடு இணைந்து இயங்கும் இதனைப் பல நாட்டுத் தன்னார்வலர் சேர்ந்து வளர்க்கின்றனர். பெருவிலை கொடுத்து உரிமம் வாங்கவியலாத சிறு தையலகங்களுக்கும் தொழிற்கல்வி மாணவர்க்கும் இது பயன்படும். இதனை எமது பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் நிறுவலாம் என்பதை ஆசிரியர்களாகிய நண்பர்களுக்குக் கூறிவைக்கின்றோம். இதிலும் ஒரு தையல் ஒத்திகைச் சாளரம் உண்டு. தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதையும், ஊசி துணியைத் துளைக்கும் புள்ளிகளையும், நூல் தாவும் இடங்களையும் அதிற் காணலாம். துணியின் இழுவையை ஈடுசெய்வதற்கென ஓர் எண்ணை எழுதும் பெட்டியும் இம்மென்பொருளில் இருக்கின்றது. அப்பெட்டியில் மென்பொருள் தானாக இட்டுவைத்திருக்கும் எண் 0. அதனை 0.2 மில்லிமீற்றர் ஆக்குவதா 0.4 ஆக்குவதா என்பதை, தைக்கப்போகும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதிலே ஒருமுறை தைத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தபின் தொழிலாளர் எழுதிக்கொள்கின்றனர்.